அப்பா பெயரில் ஒரு வழக்கு

இந்த முறை ஊரில் போய் இறங்கிய இரவே அப்பா நான்காக மடித்த ஒரு தாளை நீட்டினார். கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியை அப்படியே எழுதி வைத்திருந்தார். "கோர்ட்டுக்குப் போயிருச்சுப்பா" என்றார்.

போன வருடம் அவர் காரைத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஓட்டிப் போனது நான்தான். திண்டிவனம் பக்கம் கேமராவில் வேகம் பதிவாகி, இ-சலான் அப்பா பெயருக்கு வந்திருக்கிறது. கட்டாமல் கிடந்ததால், இணையத்திலேயே வழக்கை விசாரிக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. நான் கவலைப்படுவேன் என்று பத்து மாதம் வாயே திறக்கவில்லை. அரசு வேலையில் ஒரு மெமோகூட வாங்காத மனிதர், பென்ஷனுக்குச் சிக்கல் வருமா என்று தெரிந்த வக்கீலிடம் போய்க் கேட்டிருக்கிறார். அம்மா சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நியூயார்க்கில் எனக்கும் ஒருமுறை இப்படி அபராதம் வந்திருக்கிறது. அங்கே பள்ளிக்கூடப் பகுதிக் கேமராக்கள் 2022 ஆகஸ்டிலிருந்து இரவு பகலாக ஓடுகின்றன. வரம்பைத் தாண்டிப் பத்து மைலுக்கு மேல் போனால் படத்தோடு தபால் வரும். 50 டாலர். யார் ஓட்டியிருந்தாலும் வண்டியின் சொந்தக்காரர் கட்ட வேண்டும். ஆனால் இது குற்றத் தீர்ப்பு ஆகாது, லைசென்ஸில் விதிமீறலுக்கான தண்டனைப் புள்ளி ஏறாது, இன்சூரன்ஸுக்கும் இதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வீட்டு வரி பாக்கி மாதிரி கட்டிவிட்டு மறந்துபோனேன். போலீஸ்காரர் வண்டியை நிறுத்திப் பிடித்தால் கதை வேறு, புள்ளி ஓட்டியவர் தலையில் ஏறும்.

நம் ஊரில் அதிவேகம் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 183ஆம் பிரிவு, அதாவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். தொகையில் எனக்குக் குறையே இல்லை. அந்த நெடுஞ்சாலையில் போகிற வேகத்துக்கு இன்னும் பத்து கேமரா வைத்தாலும் சரிதான். ஆனால் கேமராவுக்குத் தெரிவது நம்பர் பிளேட் மட்டும். அதை வைத்துப் பணம் கேட்கலாம், வண்டியின் சொந்தக்காரர் கட்டத்தான் வேண்டும். வண்டியிலேயே இல்லாத எழுபது வயது மனிதரை எதற்கு நீதிமன்றத்தின் இணையப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்?

மறுநாள் காலையில் மெய்நிகர் நீதிமன்ற இணையதளத்தைத் திறந்தேன். வழக்கு எண், அப்பா பெயர். அபராதம் கட்டுகிறேன், வழக்கை எதிர்கொள்கிறேன் என்று இரண்டே வழிகள். ஓட்டியது நான் என்று சொல்ல இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. யுபிஐயில் ஆயிரம் ரூபாய் போனது, ரசீது வந்தது. மொத்தம் பத்து நிமிடம்! முன்பெல்லாம் ஒரு நாள் முழுக்க கோர்ட் வாசலில் நின்றிருப்போம். அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

அப்பா ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஆர்.சி. புத்தகத்தோடும் இன்னொன்றைப் பென்ஷன் ஃபைலிலும் வைத்தார். நான் கிளம்பும் அன்று, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மறுபடி கேட்டார்: "இன்னொரு தடவை பாத்துரு. என் பேர்ல ஒண்ணும் இல்லையே?"