திருத்தத் தொலைவா, ஒலிக்குறியா?

திருகோணமலையில் நோயாளர் பதிவேட்டுக்கு மென்பொருள் எழுதுபவர், தவறாகத் தட்டச்சான பெயரைக் கண்டறிய இரு வழிகளில் ஒன்றைத் தேர வேண்டியிருக்கும்.

1965இல் சோவியத் கணிதவியலாளர் லெவன்ஸ்டைன் வகுத்த திருத்தத் தொலைவு, ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை குறிகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் ம, த இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் ‘மூதூர்’ தவறி ‘மூமூர்’ ஆனாலும் தொலைவு ஒன்றே. உரிய ஊர் உடனே அகப்படும். ஆனால் கலாவுக்கும் கமலாவுக்கும் இடையிலும் தொலைவு ஒன்றுதான். ஒருவருக்குரிய மருந்து மற்றவருக்குப் போய்விட்டால் யார் பொறுப்பு?

ஒத்து ஒலிக்கும் எழுத்துகளுக்கு ஒரே குறி கொடுத்துப் பெயர்களை ஒப்பிடும் ஒலிக்குறி முறையில், 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் ஆங்கில ஒலிகளுக்கானது என்பதால், ல, ள, ழ மூன்றையும் ஒரு குறியிலும் ர, ற இரண்டையும் இன்னொன்றிலும் அடக்கும் தமிழ் அட்டவணையை நாமே அமைக்க வேண்டும். அப்போது ‘நிலாவெலி’ என்று எழுதினாலும் நிலாவெளி கிடைக்கும், ஆனால் ம, த இரண்டுக்கும் குறி வேறென்பதால் ‘மூமூர்’ என்ற பிழை பிடிபடாது.

பெயரைக் காதால் கேட்டு எழுதும் பதிவு மேசைக்கு ஒலிக்குறியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. படிவத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யுமிடத்தில் திருத்தத் தொலைவையே நாடுவேன். எதைத் தேர்ந்தாலும், ‘கொ’வில் உள்ள ஒகரக் குறி, கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடில் ஒரே குறியாகவும் இரு குறிகளாகவும் பதியக்கூடுமாதலால், ஒப்பிடுமுன் அதை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.