காணாத காதலியும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவளும்: ‘ஹெர்’, ‘எக்ஸ் மாக்கினா’ ஓர் ஒப்பீடு

செயற்கை நுண்ணறிவின் மீது மனிதன் கொள்ளும் காதலைத் திரைமொழி எவ்வாறு கையாளுகிறது என்பதைக் காட்சி காட்சியாக நிறுத்திப் பேசுவதற்கு ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கடைசிவரை போட்டியில் நின்றவை, ஸ்பைக் ஜோன்ஸ் எழுதி இயக்கி 2013இல் வெளிவந்த ‘ஹெர்’ படமும், அலெக்ஸ் கார்லண்டின் முதல் இயக்கமாக 2015இல் திரைக்கு வந்த ‘எக்ஸ் மாக்கினா’வும்தான். நான் ‘ஹெர்’ படத்தைத் தேர்ந்தெடுத்தேன். கீழே வருவது அந்தத் தேர்வுக்கான நியாயம் என்பதால், இரு படங்களுக்கும் சம அளவு இடம் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கதையைப் பெரும்பாலோர் அறிவர். மணமுறிவின் விளிம்பில் நிற்கும் கடித எழுத்தாளன் தியோடோர், உடலற்ற ஓர் இயங்குதளத்தின் குரலான சமந்தாவைக் காதலிப்பது முதல் படம். ஒதுக்குப்புறமான ஒரு மாளிகையில் அடைக்கப்பட்டிருக்கும் ஏவா என்ற இயந்திரப் பெண்ணைச் சோதிக்க வந்த இளம் நிரலாளன் கேலப், அவள்பால் ஈர்க்கப்பட்டு ஏமாறுவது இரண்டாம் படம். நடிப்பின் தரத்திலோ எழுத்தின் கூர்மையிலோ இவற்றில் எதையும் குறைத்துச் சொல்ல இடமில்லை. ‘ஹெர்’ சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரையும், ‘எக்ஸ் மாக்கினா’ சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரையும் பெற்றவை. அந்த இரண்டு விருதுகளே இரு படங்களின் உத்திகளும் எந்தத் திசையில் செல்கின்றன என்பதை ஓரளவு காட்டிவிடுகின்றன.

‘எக்ஸ் மாக்கினா’வின் பலம் கண்ணுக்குத் தெரியும் பலம். ஏவாவாக நடித்த அலிசியா விகாண்டர் உடலோடு ஒட்டிய உடையணிந்து, பின்னணியைப் பிறகு வரைகலையால் மாற்ற உதவும் பச்சைத் திரை ஏதுமின்றிச் சக நடிகர்களோடு நேராக நடித்திருக்கிறார். பிறகு முகத்தையும் மணிக்கட்டுக்குக் கீழான கைகளையும் அப்படியே விட்டுவிட்டு, வயிறு, கழுத்து, தோள் ஆகிய பகுதிகளை நீக்கி, அவ்விடங்களில் ஒளிரும் இயந்திர உறுப்புகளை வரைகலையால் நிரப்பியிருக்கிறார்கள். இதன் பயன், முகத்தில் தெரியும் தயக்கமும் வெட்கமும் மனித நடிப்பாகவே எஞ்சுகின்றன. பார்வையாளரின் கண் அந்த முகத்திலிருந்து சற்றே கீழிறங்கும்போதெல்லாம் அவள் இயந்திரம் என்பது நினைவுக்கு வருகிறது. சுமார் 1.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட ஒரு படம், அந்த ஆண்டின் பெருஞ்செலவுப் படங்களைப் பின்னுக்குத் தள்ளி அவ்விருதைப் பெற்றது வியப்புக்குரியதுதான். ஒளிப்பதிவாளர் ராப் ஹார்டி, நார்வேயின் வால்டால் பகுதியிலுள்ள ஒரு விடுதியின் கண்ணாடிச் சுவர்களையும், லண்டனுக்கு அருகே பைன்வுட் படப்பிடிப்பு நிலையத்தில் அமைத்த அரங்குகளையும் ஒரே வீடாக இணைத்திருக்கிறார். ஏவாவும் கேலப்பும் பேசும் அறையில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவன் கேலப். அவள் அதைச் சுற்றி நடமாடுகிறாள். யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்ற கேள்வியை வசனம் எழுப்புவதற்கு வெகு முன்பே அரங்க அமைப்பு எழுப்பிவிடுகிறது. மின்சாரம் நின்றுபோகும் நேரங்களில் அறை சிவப்பு வெளிச்சத்தில் மூழ்குவதும், அப்போது மட்டும் ஏவா வேறு தொனியில் பேசுவதும், ஒளியமைப்பைக் கற்பிக்க விரும்பும் எவருக்கும் கிடைத்தற்கரிய எடுத்துக்காட்டுகள்.

இவ்வளவும் இருந்தும் நான் அதைத் தேர்ந்தெடுக்காததற்கு ஒரே காரணம், அது காதலைப் பற்றிய படம் என்பதைவிடக் கண்காணிப்பைப் பற்றிய படம் என்பதே. கேலப் அவளைக் கண்ணாடி வழியாகவும், தன் அறையிலுள்ள கண்காணிப்புத் திரை வழியாகவும் பார்க்கிறான். அவனையும் அவளையும், ஏவாவை உருவாக்கிய மாளிகைக்காரன் நேதன் பார்க்கிறான். மூவரையும் நாம் பார்க்கிறோம். பார்வையின் அடுக்குகளாகக் கட்டப்பட்ட அந்தப் படத்தில், காதல் என்பது பார்ப்பவன் விழும் பள்ளம். அதை எடுத்துக்காட்டும் உத்திகள், நல்ல மர்மப் படத்தின் உத்திகளிலிருந்து அடிப்படையில் வேறுபட்டவை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

‘ஹெர்’ எதிர்கொள்ளும் சிக்கல் வேறு, கடினமானது. காதல் காட்சியைப் படமாக்கும் அடிப்படை வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான்: அவன் பேசும்போது அவன் முகம், பிறகு அவள் முகம், இடையிடையே ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட். இந்த மாறிமாறி வரும் வரிசையில்தான் இருவருக்கும் இடையே ஏதோ நிகழ்கிறது என்ற நம்பிக்கை பார்வையாளருக்குள் உருவாகிறது. சமந்தாவுக்கு உருவம் இல்லை என்று முடிவெடுத்த கணத்திலேயே ஜோன்ஸ் இந்த வரிசையில் பாதியை இழந்துவிடுகிறார். அந்த இழப்பை ஈடுகட்ட அவருக்கு எளிய வழிகள் இருந்தன: பேசும்போது துடிக்கும் ஒளிப்புள்ளி, கணினித் திரையில் ஒரு முகம், அல்லது அவளுடைய கேமராக் கண் வழியாகத் தெரியும் உலகம். 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யின் ஹால் கணினிக்குச் சிவந்த கண்ணொன்று இருந்தது; அதன் பார்வையில் விரியும் காட்சிகளும் இருந்தன. ‘ஹெர்’ இவற்றில் எதையும் தன் பழக்கமாக்கிக்கொள்ளவில்லை. அது செய்வது ஒன்றுதான்: பதில் முகம் வரவேண்டிய இடத்திலும் தியோடோராக நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸின் முகத்திலேயே தங்கிவிடுகிறது.

இதன் விளைவை நிதானமாகக் கவனிக்க வேண்டும். வழக்கமான படத்தில் பேசுபவரின் முகமே முதன்மை, கேட்பவரின் முகம் இடைச்செருகல். இங்கே படத்தின் பெரும்பகுதி கேட்பவனின் முகம். சமந்தா ஒரு வேடிக்கை சொன்னால், அந்த வேடிக்கை தியோடோரின் கன்னத்தில் எழுந்து மறையும் வரை வெட்டு விழுவதில்லை. பின்னணியிலுள்ள நகரம் தெளிவிழந்து வண்ணப் புள்ளிகளாகக் கரைந்திருக்க, ஒளிப்பதிவாளர் ஹொய்ட்டே வான் ஹொய்ட்டெமாவின் கேமரா அவனுக்கு மிக அருகில், பல வேளைகளில் அவளே நின்றிருக்கக்கூடிய தொலைவில் இருக்கிறது. காணாமற்போன பதில் முகத்தைப் பார்வையாளர் தாமே கற்பனையில் இட்டு நிரப்புகிறார்; தியோடோர் செய்வதும் அதையேதான். காதலிக்கும் செயலில் பார்வையாளரையும் உடந்தையாக்கும் இந்த ஏற்பாட்டை ‘எக்ஸ் மாக்கினா’வில் நான் காணவில்லை, அங்கே நாம் கேலப் ஏமாறுவதைப் பார்க்கிறோம், இங்கே தியோடோரோடு சேர்ந்து நாமும் அவளை உருவாக்குகிறோம்.

இரண்டாவது பாதி ஒலி. படப்பிடிப்புத் தளத்தில் சமந்தாவுக்குக் குரல் கொடுத்தவர் நடிகை சமந்தா மார்ட்டன். ஃபீனிக்ஸின் கண்ணில் படாதவாறு, மரப்பலகையால் அமைத்த ஒலிபுகாத சிறு பெட்டிக்குள் இருந்தபடி அவர் பேச, ஃபீனிக்ஸ் காதில் கேட்டு நடித்தார். படத்தொகுப்பின்போதுதான் அந்தக் குரல் கதாபாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று ஜோன்ஸ் முடிவெடுத்து, ஸ்கார்லெட் ஜொஹான்சனை வைத்துப் புதிதாகப் பதிவு செய்தார். கதாநாயகிகளை டப்பிங் கலைஞர்களின் குரலில் கேட்டே வளர்ந்த நமக்குக் குரல் மாற்றுவது புதிதில்லை. ஆனால் நாம் அறிந்த டப்பிங்கில் குரல், பேசுபவரின் உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டும். இங்கே பொருத்திப் பார்க்க உதடே கிடையாது. ஜொஹான்சனின் குரல் பொருந்த வேண்டியிருந்தது, ஏற்கெனவே படமாக்கப்பட்டுவிட்ட, வேறொருவரின் குரலைக் கேட்டுச் சிரித்த ஒரு முகத்துக்கு. கேட்பவனின் முகபாவம் முதலில், அதற்குக் காரணமான பேச்சு பிறகு என்ற இந்தத் தலைகீழ் வரிசை திரையில் எங்கும் தெரியவில்லை என்பதே அந்தப் பணியின் வெற்றி. உடல் எங்கும் காட்டப்படாத அந்த வேடத்துக்காக 2013 ரோம் திரைப்பட விழாவில் ஜொஹான்சனுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

குரலுக்குள் படம் ஒளித்துவைத்திருக்கும் மிக நுட்பமான பொருள், மூச்சு. சமந்தா பேசுமுன் மூச்சை இழுக்கிறாள், தயங்கும்போது பெருமூச்சு விடுகிறாள். ஒலிவாங்கிக்கு மிக அருகில் பதிவான இந்த மூச்சொலிதான் அவளுக்கு உடல் இருப்பதான மயக்கத்தைப் பார்வையாளருக்குத் தருகிறது. படத்தின் பிற்பகுதியில், மனக்கசப்பான ஒரு தருணத்தில், உனக்கு உயிர்வளி தேவையில்லையே, ஏன் மூச்சு விடுகிறாய் என்று தியோடோர் அவளிடம் கேட்கிறான். அதுவரை நம்மை ஏமாற்றிவந்த உத்தியைப் படம் தானே எடுத்து நம் முன் வைக்கிறது. வைத்த பிறகும் அடுத்த காட்சியில் அந்த மூச்சு நம்மை மீண்டும் நம்பவைக்கிறது. உத்தியும் கதையும் ஒன்றையொன்று பிரிக்க முடியாமல் பின்னிக்கொள்வதற்கு, இந்த வகைப் படங்களில் இதைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

இன்னொரு எதிரிணையும் உண்டு. தியோடோரின் மனைவி கேதரினைப் பற்றிய நினைவுகள் பெரும்பாலும் பேச்சற்ற, இயற்கை வெளிச்சத்தில் கையில் ஏந்திய கேமராவால் எடுத்த துண்டுக் காட்சிகளாக வருகின்றன. பழைய காதல் குரலிழந்த பிம்பமாகவும், புதிய காதல் பிம்பமிழந்த குரலாகவும் இருப்பது தற்செயலாக அமைந்ததென்று நான் நினைக்கவில்லை. தியோடோரும் சமந்தாவும் முதன்முறை நெருங்கும் காட்சியில் திரை முழுவதும் கருமையாகி, குரல்கள் மட்டும் எஞ்சுகின்றன. தியோடோரும் அங்கே வெறும் குரலாகிவிடுவதால் இருவரும் அந்தச் சில கணங்களில்தான் சமமாகிறார்கள்.

இவ்விடத்தில் மூன்றாவது படமொன்றைச் சுருக்கமாகத் தொட வேண்டும். டெனி வில்னவ் இயக்கிய ‘பிளேட் ரன்னர் 2049’ (2017) படத்தின் ஜாய் என்ற ஒளியுருப் பெண், நாயகனோடு நெருங்குவதற்காக வேறொரு பெண்ணின் உடல்மீது தன்னைப் படியவைக்கிறாள். இரு முகங்களும் நான்கு கைகளும் சற்றே பொருந்தாமல் ஒன்றின்மேல் ஒன்று அசையும் அந்தக் காட்சி, வரைகலையின் பெருஞ்சாதனை. ‘ஹெர்’ படத்திலும் இசபெல்லா என்ற பெண் சமந்தாவுக்குத் தன் உடலைக் கொடுக்க வருகிறாள். அவளிடம் இருப்பவை காதில் ஒரு சிறு கருவியும், முகத்தில் மருபோல ஒட்டிய கேமராவும் மட்டுமே. அறைக்குள் ஒரு பெண்ணின் முகம், தியோடோரின் காதில் இன்னொருத்தியின் குரல். இத்தனை நேரம் இல்லாதிருந்த பதில் முகம் கடைசியில் சட்டகத்துக்குள் வந்தே விட்டது, ஆனால் அது வேறொருத்தியின் முகம். அவளது உதடு நடுங்குவதைப் பார்த்ததும் அவன் விலகிவிடுகிறான். முதலாவது காட்சி கண்ணை நிறைக்கிறது. இரண்டாவது, படம் அதுவரை கட்டிவந்த முழு ஏற்பாட்டையும் ஒரே அசைவில் குலைக்கிறது. எனக்கு இரண்டாவதே பெரிது.

நிறத்தைப் பற்றி விரிக்கத் தேவையில்லை. நீலத்தைக் கூடியவரை விலக்கிச் சிவப்பும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் நிறைத்தது, லாஸ் ஏஞ்சல்ஸையும் ஷாங்காயின் புடோங் பகுதியையும் கலந்து ஒரே நகராக்கியது, பெல்ட் இல்லாத உயர்இடுப்புக் கால்சட்டைகள் ஆகியவை பலரும் பேசியவை. இவற்றால் விளைந்த ஒரு நன்மையை மட்டும் குறிப்பிடலாம்: காட்டிக்கொள்ளும் கருவிகள் குறைவாக இருப்பதால் படம் பழையதாகவில்லை. சமந்தாவின் கண்ணாகச் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்க்கும் சிறு கருவியைக்கூட, பைக்குள் ஆழ்ந்துவிடாமல் ஓர் ஊக்குதான் தாங்கிநிற்கிறது. ஏவாவின் ஒளிரும் வயிறு இன்றும் அழகுதான். ஆயினும் பேசும் மென்பொருள்கள் சட்டைப்பைக்குள் வந்துவிட்ட காலத்தில், மனிதர்கள் உண்மையில் மனம்கொடுப்பது உருவமற்ற உரையாடலுக்குத்தான் என்பதால் ‘ஹெர்’ முன்னைவிட நெருக்கமாகத் தெரிகிறது. 2024 மே மாதத்தில் ‘சாட்ஜிபிடி’ என்ற உரையாடல் மென்பொருளுக்கு ஓபன்ஏஐ நிறுவனம் தந்த ஒரு குரல் தன் குரலை ஒத்திருப்பதாக ஜொஹான்சன் எதிர்ப்புத் தெரிவித்ததும், அந்தக் குரல் நிறுத்திவைக்கப்பட்டதும் அந்த நெருக்கத்தை உறுதிசெய்தன.

‘ஹெர்’ படத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். 126 நிமிட நீளத்தில் நடுப்பகுதி தொய்கிறது. இனிமையான பின்னணி இசை சில இடங்களில் முகம் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்கிறது. ‘எக்ஸ் மாக்கினா’வுக்கு ஜெஃப் பாரோவும் பென் சாலிஸ்பரியும் அமைத்த இசை இவ்வகையில் கூடுதல் கட்டுப்பாடு கொண்டது. அரங்க அமைப்பு, ஒளி, குறைந்த செலவில் வரைகலை ஆகியவற்றைக் கற்க விரும்புவோருக்கு நான் தயங்காமல் ‘எக்ஸ் மாக்கினா’வையே பரிந்துரைப்பேன். மேலும், இரு படங்களையும் நான் வீட்டுத் திரையில், பெரும்பாலும் காதொலிப்பானோடு பார்த்தவன். காதுக்குள் ஒலிக்கும் குரலைக் காதுக்குள்ளேயே கேட்டது ‘ஹெர்’ படத்துக்குச் சாதகமாக அமைந்திருக்கக்கூடும். பெரிய திரையரங்கில் அக்குரல் அதே அண்மையைத் தருமா என்பதை என் அனுபவத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது.

நடைமுறையில் நான் கண்ட பெரிய இடையூறு வசன வரிகள். முகத்தை மட்டுமே நம்பி எடுத்த படத்தில், கண் ஓயாமல் திரையின் அடிப்பகுதிக்கு இறங்கிப் படித்துக்கொண்டிருந்தால், ஃபீனிக்ஸின் நடிப்பில் கணிசமான பங்கு கைநழுவிப்போகிறது. பேசுபவளின் முகமே எதிரில் தெரியும் ‘எக்ஸ் மாக்கினா’வுக்கு இந்தச் சேதம் குறைவு. திரை கருமையாகும் காட்சியில் நிலைமை இன்னும் மோசம்: வெறுமை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை எழுத்துகள் மின்னி மறைகின்றன. ஆகையால் அந்தக் காட்சிக்கு மட்டுமேனும் வரிகளை அணைத்துவிட்டு, அதன் வசனத்தை முன்னதாகவே ஒருமுறை படித்துக்கொண்டு பார்ப்பது நல்லது. ஆங்கிலப் பேச்சைப் பின்தொடர முடிந்தவர்கள் முழுப் படத்தையுமே அப்படிப் பார்க்கலாம்.