“புஷ் பண்ணினால் போதும், எல்லாம் தானா நடக்கும்” என்று நம்பிக் காசு கட்டிய கதை

வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நாலு பேராக சொஃப்ட்வேர் செய்கிறோம். கோட் எழுதத் தெரியும். அதை ஏடபிள்யூஎஸ்ஸில் (அமேசன் வாடகைக்கு விடும் சேர்வர்கள்) ஏற்றுவதுதான் ஒவ்வொரு முறையும் ஓர் இரவைத் தின்னும். கொழும்பிலேயே ஒரு கொம்பனியிடம் கொடுத்தோம்: கோட்டை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் புஷ் பண்ணினால், அதாவது புதிய கோட்டை ஏற்றினால், டெஸ்ட் ஓடி, தானாகவே சேர்வருக்குப் போக வேண்டும். இதைத்தான் பைப்லைன் என்பார்கள். ரூபா 380,000 பேசி 285,000 கட்டினோம். பெயர் சொல்லவில்லை. வக்கீல் நோட்டீஸுக்கும் செலவழிக்கக் காசில்லை.

டெமோ அன்று எல்லாம் பச்சை டிக். ரோல்ஸும் பிளேன்டீயும் கொடுத்து அனுப்பினோம்.

இரண்டாவது மாதம் 3ஆம் திகதி, ஏடபிள்யூஎஸ்ஸுக்குக் கார்ட்டில் 1,140 டொலர் போனதாக எஸ்எம்எஸ். வழமையான பில் 90ஐத் தாண்டாது. ஏடபிள்யூஎஸ் பக்கத்தில் மும்பாய் ரீஜனை (சேர்வர்கள் இருக்கும் பிரதேசம்) திறந்தால் எங்கள் இரண்டு மெஷின்தான். பில்தான் பிழை என்று நினைத்து அரை நாளைத் தொலைத்தேன். அந்தப் பக்கம் ஒரு நேரத்தில் ஒரு ரீஜனைத்தான் காட்டும்! பில்லை ரீஜன் வாரியாகப் பிரித்தபோதுதான் சாவோ பவுலோவிலும் ஓரிகனிலும் யாரோ ஓட்டிய பெரிய பெரிய மெஷின்கள் தெரிந்தன.

குவோட்டேஷனில் ‘ஓஐடிசி’ என்று தனி வரி போட்டுக் காசு வாங்கியிருந்தார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்ச நேரத்தில் காலாவதியாகும் டோக்கன் கிடைக்கும், கணக்குக்குள் நுழைய நிரந்தரச் சாவியே வேண்டாம். இவர்கள் செய்தது, எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் சாவியை ‘டொட் என்வ்’ என்ற செட்டிங்ஸ் ஃபைலில் எழுதி வைத்தது. சொஃப்ட்வேரை ‘இமேஜ்’ என்ற ஒரே பொதியாகக் கட்டும் டொக்கர்ஃபைலில் ஃபோல்டர் முழுவதையும் கொப்பி பண்ணும் ஒரு வரி, ஆகவே சாவியும் உள்ளே போனது. அந்த இமேஜ், இமேஜ்களைப் போட்டு வைக்கும் டொக்கர் ஹப் தளத்தில் பப்ளிக்காக இருந்தது. யாரும் இறக்கிப் பிரித்து வாசிக்கலாம்.

சாவியை அழித்துவிட்டு, எழுதி வைத்தபடி சேர்வர்களை உருவாக்கும் கருவியான டெராஃபோர்மை ஓட்டினேன். ஏற்கனவே இருக்கிற அத்தனையையும் புதிதாக உருவாக்கப்போவதாகச் சொன்னது. எதெல்லாம் ஏற்கனவே இருக்கிறது என்று அது குறித்து வைக்கும் ஸ்டேட் ஃபைல், எஸ்3 பக்கட்டில் (ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்பிடம்) இருக்க வேண்டும். இருந்தது அவர்களுடைய பெடியனின் லெப்டொப்பில். பெடியன் டோஹாவுக்குப் போய்விட்டாராம். ரூட் அக்கவுண்ட்டும் (ஏடபிள்யூஎஸ் கணக்கின் உரிமையாளர் லொகின்) அவர்கள் இமெயிலில்தான், ஆகவே எச்சரிக்கை மெயில் ஒன்றும் எங்களுக்கு வரவில்லை. இதைக் கவனிக்காதது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

கடைசித் தவணை கட்டுமுன் உங்கள் லெப்டொப்பிலேயே ‘டெராஃபோர்ம் பிளான்’ (எதை மாற்றப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் கட்டளை) ஓட்டுங்கள். மாற்றம் எதுவும் இல்லை என்று வர வேண்டும். யாருக்கு என்ன அனுமதி என்று காட்டும் ஐஏஎம் பக்கத்தில் எக்ஸஸ் கீ, அதாவது நிரந்தரச் சாவி, ஏதும் கிடந்தால் ஏன் என்று கேளுங்கள். ரூட் இமெயில் உங்களுடையதாக இருக்கட்டும்.

மூன்று நாள் கெஞ்சி ரூட் பாஸ்வேர்டை வாங்கினேன். “அண்ணா, பைப்லைன் வேலை செய்யுதுதானே?” என்றார் அவர்களுடைய மேனேஜர். மிச்சம் 95,000க்கு நேற்றும் இன்வொய்ஸ் வந்தது.