பங்கு பிரிக்க நிலம் அளந்த சர்வேயர், காரைக்குடி: வேலைக்கு ஐந்து நட்சத்திரம், பில்லுக்கு இரண்டு

பள்ளத்தூர்ப் பக்கம் இருந்த அப்பச்சியின் (அப்பாவின்) புஞ்சையை அண்ணன்கள் இருவரும் நானும் பிரித்துக்கொள்ள, லைசென்ஸ் உள்ள தனியார் சர்வேயர் ஒருவரைப் பிடித்தோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

மூலப்பத்திரத்தில் 1 ஏக்கர் 12 சென்ட். செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) 'கண்மாய்க்கரைக்குத் தெற்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு' என்று இருக்கிறது. அந்த இன்னாரும் இல்லை, அவர் நிலமும் இரண்டு கை மாறிவிட்டது. சர்வேயர் முதலில் கேட்டது, "ஆச்சி, இது எந்த வருவாய்க் கிராமம்?" பள்ளத்தூர் என்றேதான் நாங்கள் சொல்லி வளர்ந்தோம். பதிவேட்டில் பார்த்தால் அடுத்த கிராமம்! சர்வே எண் ஒவ்வொரு கிராமத்துக்கும் 1-லிருந்து தொடங்குவதால் எண்ணை மட்டும் வைத்து நிலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எல்லாம் சரியாக இருக்கவேண்டும். இணையத்தில் சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு) வராவிட்டால் முதலில் கிராமப் பெயரைப் பாருங்கள்.

பட்டாவில் 0.45.50 ஹெக்டேர், அதாவது 45.5 ஏர், என்றிருந்ததைப் பார்த்துப் பெரியண்ணன் நிலம் குறைந்துவிட்டதாகக் குதித்தார். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். பெருக்கிக் காட்டியதும் அடங்கினார்.

இவரிடம் எனக்குப் பிடித்தது, வேலியை நம்பாதது. புலப்படத்தை (அந்தச் சர்வே எண்ணின் அளவுகள் உள்ள அரசு வரைபடத்தை) கையில் வைத்துக்கொண்டு, கருவேலம் புதரை வெட்டவைத்து, பழைய சர்வே கற்களைத் தோண்டி எடுத்தார். காணாமல்போன கல்லின் இடத்தை மற்ற கற்களிலிருந்து அளந்து குறித்தார். எங்கள் தெற்கு வேலிதான் உள்ளே தள்ளி நின்றது.

அப்புறம் பாதை. அண்ணன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று துண்டு போடச் சொன்னார்கள். "கடைசிப் பங்குக்கு வண்டி எப்படிப் போகும்?" என்று கேட்டு, 12 அடிப் பொதுப்பாதையைப் படத்தில் போட்டார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அதன் நீள அகலத்தோடு மூவரின் பாத்தியத்தையும் எழுதச் சொன்னார். கடைசிப் பங்கு எனக்கு விழுந்ததால் இதை மறக்கமாட்டேன்.

தன் வரைபடத்தால் மட்டும் தனிப்பட்டா கிடைக்காது என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட்டார். பத்திரம் பதிந்து, உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, அரசு நில அளவர் வந்து அளந்து, வட்டாட்சியர் உத்தரவு போட்ட பிறகுதான் கூட்டுப் பட்டா உடைந்து 2ஏ, 2பி, 2சி என்ற உட்பிரிவு எண்களோடு தனித்தனியாக வந்தது. கற்கள் ஏற்கனவே வெளியே தெரிந்ததால் அந்த அளவை சுலபமாக முடிந்தது.

இனி பில். பேசிய தொகை ஒன்று. கடைசியில் கல்லுக்கு, புதர் வெட்டிய கூலிக்கு, காருக்கு என்று தனித்தனியாக ஏறிக்கொண்டே போனது. வரைபடம் முழுக்க ஆங்கிலம், தமிழில் ஒன்று கேட்டதற்கு இன்னும் தருகிறேன் என்கிறார். போகிறவர்கள் எல்லாச் செலவையும் சேர்த்து முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு முன் போனை எடுக்கமாட்டார்.