பேஸ் வாசிப்பவர்களுக்கு ரீப்பர் 7 எப்படி?

1960களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் கிட்டார் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வழியாகப் பதிவாகவில்லை. கிட்டாரிலிருந்து ஒயர் நேராக மிக்ஸிங் கன்சோலுக்குப் போனது. 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன், அறுந்தால் ஒழிய மாற்றாத தடித்த, வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு நுரை, வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்று. அந்த டோன் இவ்வளவில் அடங்கிவிட்டது. பேஸ் சத்தத்தின் பெரும்பங்கு கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதால், ரீப்பர் போன்ற ஒரு ரெக்கார்டிங் மென்பொருளில் எத்தனை ஆயிரம் சவுண்டுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பயனில்லை. வருகிற சிக்னலை அப்படியே வாங்கி வைக்கிறதா, அதன்மேல் துல்லியமாக வேலை செய்ய விடுகிறதா என்பதே கேள்வி. அப்படிப் பார்த்தால், இன்று இந்த விலைக்கு ரீப்பரைவிட நல்ல கருவி பேஸ் வாசிப்பவர்களுக்கு இல்லை.

வின்ஆம்ப் பிளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கெலின் காக்கோஸ் நிறுவனம்தான் ரீப்பரையும் செய்கிறது. முதல் வெளியீடு 2005இல். ஏழாம் பதிப்பு 2023இல் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இன்ஸ்டாலர் மிகச் சிறியது, பழைய லேப்டாப்பும் தாங்கும். 60 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பயன்படுத்தலாம். தனிநபர் லைசென்ஸ் 60 டாலர்.

முதல் வேலை, கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில். பேஸ் ஒயரைச் செருகும் இன்புட்டில் இன்ஸ்ட்ருமென்ட் அல்லது ஹை-இஸட் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். ஸ்ட்ரிங்கின் அதிர்வைச் சிக்னலாக்கும், பேட்டரி இல்லாத பாஸிவ் பிக்கப் சுமார் ஒரு மெகாஓம் இன்புட்டை எதிர்பார்க்கிறது. அதைவிட மிகக் குறைவான ஓம் உள்ள லைன் இன்புட்டில் செருகினால் மேல் அலைவரிசைகள் மங்கி, போர்வை போர்த்தியது போன்ற சத்தம் வரும். பிறகு அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவும் அதை முழுதாக மீட்காது. ரீப்பரின் பிரிஃபரன்ஸில் ஆடியோ டிவைஸ் பக்கத்தில் விண்டோஸில் ஏஎஸ்ஐஓ டிரைவரைத் தேர்ந்து, 48,000 ஹெர்ட்ஸ், பஃபர் 128 சாம்பிள் என்று வையுங்கள். 128 சாம்பிள் என்பது 2.7 மில்லிசெகண்ட்; உள்ளே போய் வெளியே வர மொத்தம் பத்துக்குள் முடிந்தால் விரலுக்கு உறுத்தாது. ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே சத்தம் காதுக்கு வர 9 மில்லிசெகண்ட் ஆகிறது. மிக்ஸ் செய்யும்போது 1,024க்கு ஏற்றிக்கொள்ளலாம். பதிவை 24 பிட்டில் வைத்து, மிகப் பலமாக வாசிக்கும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 டெசிபெல்லைத் தொடும்படி கெயினைத் திருப்பினால் போதும்.

இந்தக் கட்டத்தில் பலருக்கும் நேரும் சிக்கல் இரண்டு. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரும் ரீப்பரில் ரெக்கார்ட் மானிட்டரும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஒரே நோட் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டு முறை கேட்கும், சத்தம் வெற்றுக்குழாய் போல ஒலிக்கும். ஒன்றை மூடுங்கள். அடுத்தது, புதிய புராஜெக்டைச் சேமிக்காமலே ரெக்கார்ட் செய்தால் ஃபைல்கள் பொதுவான ஃபோல்டரில் போய்ச் சிதறும். முதலில் சேமித்து, அந்தப் பெட்டியிலேயே ‘புராஜெக்டுக்குத் தனி சப்டைரக்டரி’ என்ற கட்டத்தையும் டிக் செய்துவிடுங்கள்.

ரீப்பரில் எஃபெக்ட் வைக்க இரண்டு இடங்கள் உண்டு. இன்புட் எஃப்எக்ஸில் வைத்தால் அந்த எஃபெக்ட் ஃபைலிலேயே பதிந்துவிடும். ட்ராக் எஃப்எக்ஸில் வைத்தால் காதுக்கு மட்டும் கேட்கும், ஃபைல் சுத்தமாக இருக்கும். பேஸுக்கு இன்புட் எஃப்எக்ஸைக் காலியாக விடுங்கள். வாசித்த பிறகு ஆம்பை மாற்ற நினைத்தால் கையில் ஆம்ப் இல்லாமல் நேராக வந்த சுத்தமான டிஐ சிக்னல் இருக்க வேண்டும். மேதைகளின் டோனை ஆராய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) வெவ்வேறு ஆம்பிலும் ஈக்யூவிலும் வைத்து ஒப்பிடலாம்.

ஜேமர்சனின் பக்கம் போக, கிட்டாரின் டோன் நாபைக் குறைத்து, பிரிட்ஜ் அருகே நுரை வைத்து, ஃபிளாட்வவுண்டில் வாசியுங்கள். ரீப்பரோடு வரும் ஈக்யூவான ரியாஈக்யூவில் ஷெல்ஃப் போட்டு, 2,500 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எல்லாவற்றையும் 4 முதல் 6 டெசிபெல் இறக்கவும். 700 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபெல் ஏற்றினால் நோட்டின் உருவம் தெரியும். ரீப்பரின் ஜேஎஸ் எஃபெக்ட் பிரிவிலுள்ள சாச்சுரேஷன் என்ற மெல்லிய கரகரப்பைச் சிறிதளவு சேர்க்கலாம், அது தெரியக் கூடாது. சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங்கை வைத்துக்கொண்டு இந்த டோனை ஈக்யூவில் உருவாக்கப் பார்ப்பது வீண் வேலை. நுரை நோட்டின் வாலை வெட்டுகிறது. ஈக்யூ அதன் நிறத்தை மட்டுமே மாற்றும்.

பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் இதற்கு நேர் எதிர். கழுத்திலுள்ள ஃப்ரெட் கம்பிகளைப் பிடுங்கி எபாக்ஸி பூசிய ஜாஸ் பேஸ், ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங், பின் பிக்கப், பிரிட்ஜை ஒட்டி விழும் விரல். உறுமலெல்லாம் 500 முதல் 900 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால், அந்தப் பகுதியைக் குடைந்தெடுக்கும் வழக்கமான ‘ராக் பேஸ்’ ஈக்யூவைத் தொடவே வேண்டாம். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரெஸரும் மிதமாக இருக்கட்டும், 2க்கு 1 விகிதம் போதும். ஃப்ரெட்லெஸ் ஸ்ருதி தவறும் இடங்களில் ரீப்பரோடு வரும் ஸ்ருதிக் கருவியான ரியாட்யூனின் தானியங்கித் திருத்தத்தைப் போடும் ஆசை வரும். போட்டால் ஸ்லைடும் வைப்ரேட்டோவும் படிக்கட்டாக உடையும். தவறிய நோட்டை மட்டும் தனியே வெட்டி, எஃப்2 அழுத்தி, ஐட்டம் பிராப்பர்ட்டியில் சில சென்ட் (ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு) மட்டும் ஏற்றி இறக்குவது சரியான வழி. ரியாட்யூனை ட்யூனராகப் பயன்படுத்தும்போது தாழ்ந்த ஈ ஸ்ட்ரிங்கில் ஊசி ஆடினால் விண்டோ அளவைக் கூட்டிப் பாருங்கள். 41 ஹெர்ட்ஸை அளக்க அதற்கு நேரம் வேண்டும்.

ரீப்பரோடு வரும் கம்ப்ரெஸரான ரியாகாம்ப் இந்தத் தொகுப்பின் மிகச் சிறந்த உறுப்பு என்று தயங்காமல் சொல்லலாம். பேஸில் கம்ப்ரெஸர் ஏன் கரகரக்கிறது என்பதற்கான விடையும் அதன் ஸ்லைடர்களிலேயே இருக்கிறது. தாழ்ந்த ஈ நோட்டின் ஒரு முழு அலை 24 மில்லிசெகண்ட். அமுக்கத்தை விடும் நேரமான ரிலீஸ் அதைவிடக் குறைவாக இருந்தால் கம்ப்ரெஸர் நோட்டைப் பின்தொடராமல் ஒவ்வோர் அலையையும் பின்தொடரும். அதுவே டிஸ்டார்ஷனாகக் கேட்கும். விரலால் வாசிக்கும் பேஸுக்கு அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 25, ரிலீஸ் 100 மில்லிசெகண்ட், விகிதம் 4க்கு 1 என்று தொடங்கி, பலமான நோட்டில் 4 முதல் 6 டெசிபெல் இறங்கும்படி த்ரெஷோல்டை (அமுக்கத் தொடங்கும் அளவை) வையுங்கள். குறைந்த சத்தத்தைத் தானே ஈடுகட்டும் ஆட்டோ மேக்கப்பை அணைத்துவிடுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். சத்தத்தை அளக்கும் டிடெக்டரிலுள்ள, தாழ் அலைவரிசைகளை வடிக்கும் ஹைபாஸை 80 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் ஈ ஸ்ட்ரிங்கில் மட்டும் அளவுக்கு மீறி அமுங்குவது நிற்கும். கிக் டிரம்மும் பேஸும் மோதினால், கிக் ட்ராக்கின் ரூட் பட்டனைப் பிடித்து பேஸ் ட்ராக்கில் விட்டு, 3/4 சேனலுக்கு அனுப்பி, பேஸில் இரண்டாவது ரியாகாம்ப் போட்டு டிடெக்டரை ஆக்ஸிலரி இன்புட்டுக்கு மாற்றவும். 2 டெசிபெல் இறங்கினாலே இடம் கிடைத்துவிடும். இதே வேலைக்கு மெனு மெனுவாக அலைய வைக்கும் மென்பொருள்கள் உண்டு. ரீப்பரில் ஓர் இழுப்பில் முடிகிறது.

கட்டைவிரலால் அடித்து, விரலால் இழுத்து வாசிக்கும் ஸ்லாப் வேறு கணக்கு. தன் அம்மாவின், டிரம்மர் இல்லாத குழுவில் கிக்குக்குப் பதில் கட்டைவிரலையும் ஸ்னேருக்குப் பதில் இழுப்பையும் வைத்தவர் லாரி கிரஹாம். டிரம் வேலை செய்கிற பேஸ் என்பதால் சிக்னலும் டிரம் போலவே கூர்மையாகத் தெறிக்கும். இங்கே ஒரு கம்ப்ரெஸர் போதாது. அட்டாக் 1 மில்லிசெகண்ட் வைத்து உச்சிகளை மட்டும் 3 டெசிபெல் தட்டும் ஒன்று, அதன் பின்னால் மெதுவான இன்னொன்று.

ஷீக் இசைக்குழுவின் பேஸ் வாசிப்பாளர் பெர்னார்ட் எட்வர்ட்ஸிடம் கற்க வேண்டியது நோட் எங்கே முடிகிறது என்பது. ரீப்பரின் எடிட்டிங் இதற்கு அருமையான பாடசாலை. கிரிட்டைப் பதினாறில் ஒன்றுக்கு வைத்து, எஸ் அழுத்தி வெட்டி, நோட்டின் வாலை ஸ்னேர் விழும் இடம் வரை சுருக்கிக் கேளுங்கள். வாசித்த நோட் ஒன்றே, க்ரூவ் மாறிவிடும். வெட்டிய இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால் ஃபேடை 5 முதல் 10 மில்லிசெகண்டுக்கு நீட்டவும். டைமிங் திருத்த, ஒலியை நீட்டிச் சுருக்கும் ஸ்ட்ரெச் மார்க்கரை நம்ப வேண்டாம். நீட்டிய தாழ் நோட் குழைந்து போகும். இரண்டு நோட்டுக்கு நடுவே வெட்டி நகர்த்துவதே சுத்தம். ஏழாம் பதிப்பில் வந்த ஃபிக்ஸ்டு லேன் வசதியில் நாலைந்து டேக்கை அடுக்கி, வேண்டிய பகுதிகளை மவுஸால் தடவித் தேர்ந்து ஒரே டேக்காக்கலாம். ஒட்டும் இடத்தை ஸ்ட்ரிங் மாறும் நோட்டிலோ மௌனத்திலோ வையுங்கள், ஒலிக்கும் நோட்டின் நடுவில் வேண்டாம்.

பாட்டைக் கேட்டுப் படிப்பவர்களுக்கும் இது உதவும். இளையராஜாவின் 1980களின் பாடல்களில் பேஸ் தனி மெலடியாகவே நடக்கிறது. சிறிய ஸ்பீக்கரில் அதில் பாதி காணாமல் போய்விடும். பாட்டை ட்ராக்கில் போட்டு, ரியாஈக்யூவில் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் லோபாஸால் வெட்டி, ஐட்டம் பிராப்பர்ட்டியில் 12 செமிடோன் ஏற்றுங்கள். பேஸ் லைன் ஓர் ஆக்டேவ் மேலே வந்து தெளிவாகக் கேட்கும். பிளேரேட்டை 0.7க்கு இறக்கும்போது ஸ்ருதி மாறாமலிருக்க, ரேட் ஸ்லைடரில் ரைட் கிளிக் செய்து ‘பிரிசர்வ் பிட்ச்’ டிக் இருக்கிறதா என்று பார்க்கவும்.

ஆம்பையும் மைக்கில் பிடிக்கிறவர்கள் கவனிக்க: ஸ்பீக்கரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்த மைக், டிஐயைவிடச் சுமார் 0.9 மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது. இரண்டையும் கலந்தால் 570 ஹெர்ட்ஸ் பக்கம் குழி விழும், ஜாக்கோவின் உறுமல் இருக்கும் அதே இடம். டிஐ ட்ராக்கில் ஜேஎஸ் டைம் அட்ஜஸ்ட்மென்ட் டிலே போட்டு 0.9 கொடுங்கள். அடிச்சத்தமே காணாமல் போனால் அது தாமதம் அல்ல, போலாரிட்டி (ஒன்றின் அலை தலைகீழாகியிருப்பது). மிக்ஸரில் ஃபேஸ் பட்டனைத் தட்டிப் பார்க்கவும்.

இப்போது பெரிய குறை. ரீப்பரோடு பேஸ் ஆம்ப் வராது, டிரம்மர் வராது, லூப் வராது. திறந்தால் சாம்பல் நிறத் திரையும் நீண்ட மெனுக்களும்தான். மேக் வைத்திருப்பவர்கள் லாஜிக் புரோவில் பேஸ் ஆம்பும், 2013 முதல் டிரம்மரும் உள்ளேயே பெறுகிறார்கள். ஐடியா தோன்றியதும் உடனே டிரம்மோடு வாசிக்க நினைப்பவர்களுக்கு அது வசதி, மறுக்க முடியாது. ரீப்பரில் அந்த இடத்தை இலவச பிளக்-இன்களால் நிரப்ப வேண்டும். ஆம்ப் சத்தத்துக்கு நியூரல் ஆம்ப் மாடலர், டிஎஸ்இ நிறுவனத்தின் பிஓடி, டிரம்முக்கு எம்டி பவர் டிரம் கிட் ஆகியவை போதுமானவை. ஸ்பீக்கர் கேபினெட்டுக்கு அதன் ஒலித்தன்மையைப் பதித்த ஐஆர் ஃபைலை ரீப்பரின் ரியாவெர்ப் எஃபெக்டில் ஏற்றலாம். ஏற்றியதும் டிரை ஸ்லைடரை முழுதாகக் கீழே இறக்க மறந்தால், கேபினெட் போட்ட சத்தமும் போடாத சத்தமும் கலந்து மெலிந்து கேட்கும்.

சுத்தமான பேஸையும் டிஸ்டார்ஷனையும் கலப்பவர்களுக்கு எஃபெக்ட்களைப் பக்கம் பக்கமாக ஓட்டும், ஏழாம் பதிப்பின் பேரலல் எஃப்எக்ஸ் உண்மையான முன்னேற்றம். முன்பு இதற்கு இரண்டு ட்ராக்கோ சிக்கலான சேனல் இணைப்போ வேண்டியிருந்தது. இப்போது ஒரே ட்ராக்கில் டிஸ்டார்ஷனைக் கண்டெய்னர் என்ற எஃபெக்ட் பெட்டிக்குள் வைத்து, அதற்கு முன்னால் 200 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் போட்டு, சுத்தமான சிக்னலுக்குப் பக்கத்தில் ஓட விடலாம். அடிச்சத்தம் கலங்காமல் இருக்கும்.

60 டாலர் லைசென்ஸ் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் தனிநபர்களுக்கும், ஆண்டு மொத்த வருவாய் 20,000 டாலருக்குள் இருக்கும் தொழில்களுக்கும் பொருந்தும். அதற்கு மேலானவர்களுக்கு 225 டாலர். இரண்டிலும் வசதிகள் ஒன்றே. இப்போது வாங்கினால் எட்டாம் பதிப்பின் கடைசி அப்டேட் வரை கூடுதல் கட்டணம் கிடையாது.