தோள்பட்டை ஊசி வழக்கு: என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஐந்தில் நான்கரை

2021 அக்டோபரில், நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டருகே உள்ள ஒரு மருந்துக்கடையில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டேன். நான் உட்கார்ந்திருந்தேன், ஊசி போட்டவர் நின்றுகொண்டிருந்தார். சட்டையின் கழுத்தை இழுத்துத் தோளின் உச்சியை மட்டும் காட்டினேன். தோள் எலும்பின் முனையை ஒட்டியே ஊசி இறங்கியது. மறுநாள் மாலை பின்னல் போடக் கையைத் தூக்கினால், காதுக்கு மேல் போகவில்லை. மேல்தட்டிலிருந்த புளி டப்பாவை எடுக்கக்கூட என் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஊசி இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, தசைக்குள் இறங்க வேண்டும். மேலே குத்தினால் தசைக்கடியில் உள்ள நீர்ப்பையில் மருந்து புகுந்து, அங்கே அழற்சி வரலாம். இதை ‘சிர்வா’ என்கிறார்கள். தடுப்பூசியை நான் குறை சொல்லவில்லை. இன்றும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்கிறேன். இடது கையில், சட்டைக் கையை முழுதாகக் கழற்றிவிட்டு.

வழக்கு என்றதும் முதலில் பயந்தது செலவுக்குத்தான். அலுவலகத்தில் முதல் தொலைபேசி அழைப்பிலேயே அதைத் தெளிவாக்கினார்கள். அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவென்று ஒரு நிதி இருக்கிறது. தடுப்பூசி மீது விதிக்கும் 75 சென்ட் வரியில் அது நிரம்புகிறது. வழக்கு மருந்துக்கடை மீது இல்லை, மத்திய சுகாதாரத் துறைச் செயலர் மீது. வழக்கறிஞர் கட்டணத்தையும் நிதியே தருகிறது. நியாயமான அடிப்படையோடு தொடுத்த வழக்கு என்றால், தோற்றாலும் தருகிறது. என் இழப்பீட்டில் ஒரு காசு கூட அவர்கள் எடுக்கக் கூடாது, எடுக்கவும் இல்லை.

நான்கரை கொடுப்பது அங்கிருந்த ஓர் உதவியாளருக்காக. 2017இல் சிர்வாவைச் சட்டத்தின் பாதிப்புப் பட்டியலில் சேர்த்தபோது, ஊசி போட்டு 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும் என்று வைத்தார்கள். நானோ தானாகச் சரியாகிவிடும் என்று இரண்டு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் மருத்துவரிடம் போனேன். அவருடைய குறிப்பில் “சில வாரங்களாகத் தோள்வலி” என்று மட்டும் இருந்தது. ஊசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஒரு வரி என் வழக்கையே விழுங்கியிருக்கும்.

“அந்த வாரம் யாரிடமாவது சொன்னீர்களா?” என்று அந்த உதவியாளர் விடாமல் கேட்டார். இரவு உட்கார்ந்து பழைய வாட்ஸ்அப்பைத் தேடினேன். ஊசி போட்ட மறுநாள் இரவு 9:40க்குத் திருச்சியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்: “ஊசி போட்ட கையைத் தூக்கவே முடியல அக்கா, இவர்தான் பின்னல் போட்டுவிட்டார்.” அதைச் சான்றளித்த மொழிபெயர்ப்போடு, என் கணவரின் பிரமாண வாக்குமூலத்தையும் சேர்த்து ஆவணமாக்கினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வலி நீடித்ததற்கு எம்ஆர்ஐ அறிக்கையும் பிசியோதெரபி ரசீதுகளும் இருந்தன. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அரைப் புள்ளியைக் குறைத்தது, நடுவில் ஆள் மாறியபோது அதே ரசீதுகளை மறுபடியும் கேட்டதற்காக. வலிக்கிற கையோடு இரண்டாவது முறை அத்தனையும் ஸ்கேன் செய்தேன். இதைத் தவிர்த்திருக்கலாம்.

எங்கள் தெருவில் ஒருவருக்குக் கோவிட் ஊசியால் இதே வலி. அவரையும் அங்கே அனுப்பினேன். அந்த ஊசிக்குத் திட்டம் வேறு, போட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும், அவருக்கு அது கடந்துவிட்டது என்று அன்றே நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள், வீணாக இழுத்தடிக்கவில்லை. ஃப்ளூ ஊசிக்கு முதல் வலி தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் உண்டு. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். ஊசி போட்ட தேதியையும் வலி தொடங்கிய நேரத்தையும் குறிப்பில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.