கோவையா, கொச்சியா, திருச்சியா, பெங்களூரா: கொங்கு நாட்டுக்காரர் எங்கே விமானம் ஏறினால் மலிவு?

டிக்கெட் தேடும்போது நம்மில் பலர் புறப்படும் இடத்தில் கோயம்புத்தூர் என்று போட்டுவிட்டு, தேதியை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். ஏறும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். பல சமயம் பெரிய வித்தியாசம் அங்கேதான் இருக்கும். கூகுள் ஃப்ளைட்ஸில் கோவை, கொச்சி, திருச்சி, பெங்களூரு என நான்கையும் ஒரே தேடலில் புறப்படும் இடமாகக் கொடுக்கலாம். விலை வரிசையாக வந்து நிற்கும். ஆனால் அந்த வரிசையில் முதலில் நிற்பது உங்களுக்கு மலிவா என்பது வேறு கணக்கு.

வளைகுடாவுக்கு என்றால் முதலில் கொச்சியைப் பாருங்கள். கோவையிலிருந்து ஷார்ஜா, சிங்கப்பூர் மாதிரி ஒரு சில வெளிநாட்டு ஊர்களுக்குத்தான் நேரடி விமானம். கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்து துபாய், தோஹா, மஸ்கட், ரியாத் என்று பல நிறுவனங்கள் போட்டி போட்டு ஓட்டுகின்றன. அதனால்தான் விலை இறங்குகிறது. ஓணமும் வளைகுடாப் பள்ளி விடுமுறையும் முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பும் சமயத்தில் மட்டும் இது தலைகீழாகும். அப்போது கோவையே தேவலை.

சரி, கொச்சிக்கு எப்படிப் போவது? திருப்பூரிலிருந்து போக வர டிக்கெட்டில் ஆளுக்கு 3,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். கொண்டுபோய் விட ஒரு டாக்ஸி, கூட்டிவர ஒரு டாக்ஸி. இரண்டு முறையும் வண்டி ஒரு வழி காலியாக ஓடும், அதற்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். நடைக்கு 6,000 என்றாலும் 12,000 ஆகிவிடும். நான்கு பேர் போனால் வரவும் செலவும் சரிக்குச் சரி. இரண்டு பேர் போனால் கைநஷ்டம். தனியாள் ரயிலில் போனால் மிச்சத்தில் பெரும்பகுதி அவருக்கே. பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் நள்ளிரவுக்கு மேல் ஈரோடு, திருப்பூர், கோவையைத் தொட்டு ஆலுவாவில் இறக்கிவிடும். அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தான்.

சாலையில் கொச்சிக்குப் போகிறவர்களுக்கு, பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவில் இருக்கும் குதிரான் மலைப்பாதை பயம் இப்போது இல்லை. 2021இல் ஒரு சுரங்கமும் அடுத்த ஆண்டு இன்னொன்றும் திறந்துவிட்டார்கள். ஆனால் திருச்சூர் தாண்டி அங்கமாலி வரை கீழ்ப்பாலம் கட்டும் வேலையால் நெரிசல் எவ்வளவு முற்றியது என்றால், 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரை சுங்கவசூலையே சில காலம் நிறுத்திவைத்தது. இரண்டு மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்புக்குத் திருச்சியை விட்டுவிடாதீர்கள். கரூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான். நாமக்கல்லுக்கும் ஏறக்குறைய அதே தூரம். கரூர்க்காரர் இதற்காகக் கோவைக்குப் போவது வீண் சுற்று. 2024இல் புது முனையம் வந்தபிறகு பழைய இட நெருக்கடியும் இல்லை.

ஐரோப்பா, அமெரிக்கா என்றால் பெங்களூரு. லண்டன், ஃப்ராங்ஃபர்ட்டுக்கு அங்கிருந்து நேரடி விமானம் உண்டு. சேலம், தர்மபுரிக்காரருக்கு இது நல்ல வழி. கோவைக்காரர் யோசிக்க வேண்டும். கோவையிலிருந்து கிளம்பும் வந்தே பாரத் ரயில் பெங்களூரு கன்டோன்மென்ட் நிலையத்தோடு நின்றுவிடும். விமான நிலையமோ ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா என்ற பஸ் உண்டு, ஆனால் பெங்களூரு நெரிசலை நம்பி நேரம் குறிக்க முடியாது. விடியற்காலை விமானம் என்றால் முந்தின இரவு அறை எடுக்க வேண்டிவரும்; அந்த வாடகையையும் டிக்கெட்டோடு கூட்டிப் பாருங்கள்.

சேலம் விமான நிலையம் ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. நடுவில் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. விமானங்கள் குறைவு, ஒன்று ரத்தானால் அடுத்ததைப் பிடிப்பது கஷ்டம். அவசரப் பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

டெல்லி, மும்பை, ஹைதராபாத்துக்குப் பெரும்பாலும் பீளமேடுதான், அதாவது கோவை விமான நிலையம்தான் வெல்லும். டிக்கெட்டில் கிடைக்கும் சொற்ப மிச்சம் சாலையிலேயே கரைந்துவிடும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கோவை–மும்பை–லண்டன் என்று ஒரே டிக்கெட் எடுத்துவிட்டு, நேராக மும்பையில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதல் விமானத்தில் ஏறாவிட்டால் மீதிப் பயணம் பொதுவாக ரத்தாகிவிடும், திரும்பும் டிக்கெட்டும் சேர்த்து. அதேபோல் கோவை–பெங்களூரு தனி, பெங்களூரு–லண்டன் தனி என்று எடுத்தால், முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போடவேண்டும். ஒரே டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

அப்புறம், ஏறிய ஊரிலேயே திரும்பி வந்து இறங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. மல்டி சிட்டி என்று தேடினால் கொச்சியில் ஏறி கோவையில் இறங்குவதற்கும் விலை வரும். மலிவு விமான நிறுவனங்களில் போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாக எடுத்தாலும் விலை பெரிதாக மாறாது. கனத்த பெட்டியும் தூக்கக் கண்ணுமாக வரும்போது நள்ளிரவில் பாலக்காடு தாண்டி வருவதைவிட, ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் பீளமேட்டில் இறங்குவதையே நான் எடுப்பேன்.